உச்ச அலைநீளக் கணக்கில் வழுக்கும் இடங்கள்

பிற்பகல் வெயிலில் 31 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவர் எந்த அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசும் என்பது தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் சில குறிப்பேடுகளில் 93 மைக்ரோமீட்டர் என்ற விடை, இருமுறை அடிக்கோடிடப்பட்டு, என்னை எதிர்கொள்ளும்.

1893இல் வில்ஹெல்ம் வீன் வகுத்த விதிப்படி 2898ஐ வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைத்துவிடும் என்பது சரிதான். ஆனால் அந்த வெப்பநிலை கெல்வினில் இருந்தாக வேண்டும். 31உடன் 273ஐக் கூட்டி, 304ஆல் வகுத்தால் வருவது சுமார் 9.5 மைக்ரோமீட்டர். கோவிட் காலத்தில் கட்டட வாயில்களில் நம் நெற்றியை நோக்கியிருந்த வெப்பக் கேமராக்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களை உணர்பவை என்பதை அறிந்தவருக்கு 93 என்ற விடை எழுதும்போதே உறுத்தியிருக்கும். 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் அலைநீளம் பாதியாகும் என்று எழுதுவதும் இதே பிழைதான். கெல்வினில் அது 303இலிருந்து 333ஆகவே உயர்கிறது, உச்சமோ 9.6இலிருந்து 8.7க்கு நகர்கிறது, அவ்வளவே.

சூடு ஏற ஏற அலைநீளம் குறையும் என்பதைத் தலைகீழாக நினைப்பவர்களும் உண்டு. குழாயில் வெந்நீருக்குச் சிவப்பும் தண்ணீருக்கு நீலமும் பார்த்துப் பழகிய கண்ணை நான் குறை சொல்லமாட்டேன். வானத்தில் நிலைமை நேர்மாறு: செந்நிறத் திருவாதிரை விண்மீனின் மேற்பரப்பு சுமார் 3500 கெல்வின், அதே ஓரியன் விண்மீன் மண்டலத்தில் நீலம் பாய்ந்து தெரியும் ரைஜல் சுமார் 12,000 கெல்வின்.

இவற்றைவிட ஆழமான பிழை, உச்ச அலைநீளத்தில் மட்டுமே பொருள் கதிர்வீசுவதாகக் கொள்வது. விதி சொல்வது, ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு கதிர்வீச்சு என்று வரைந்த வளைகோட்டின் மிக உயர்ந்த புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. கரும்பொருளின் (தன்மேல் விழும் கதிர் அனைத்தையும் உட்கவரும் இலட்சியப் பொருளின்) ஆற்றலில் ஏறத்தாழக் கால்பங்கு உச்சத்தைவிடக் குறுகிய அலைநீளங்களிலும், முக்கால்பங்கு நெடிய அலைநீளங்களிலும் பரவிக் கிடக்கிறது. சூரியனின் உச்சம் சுமார் 500 நானோமீட்டரில், பச்சைக்கு அருகே விழுந்தும் சூரியன் பச்சையாகத் தெரியாததற்குக் காரணம், மற்ற நிறங்களும் தாராளமாகக் கலந்து வருவதே. 2700 கெல்வினில் எரியும் பழைய இழை பல்புக்கு உச்சம் அகச்சிவப்பில் இருந்தும், வளைகோட்டின் குறுகிய ஓரத்து வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறையே படித்தது.

கடைசியாக, எல்இடி விளக்கின் அட்டைப்பெட்டியில் காணும் 6500 கெல்வினை விளக்கின் சூடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவு சூடான கரும்பொருளின் ஒளியைப் போன்ற நிறம் என்பதே அதன் பொருள். விதியில் இட்டால் 446 நானோமீட்டர் வரும். விளக்கின் நீலச் சில்லும் 450 நானோமீட்டரை ஒட்டியே ஒளிர்வதால் விதி மெய்ப்பட்டது என்று மாணவர் மகிழ்வார். அது வெறும் தற்செயல். பக்கத்திலிருக்கும் 3000 கெல்வின் விளக்குக்கு அதே கணக்கைப் போட்டால் 966 நானோமீட்டர் வரும். அந்த அகச்சிவப்பை அவ்விளக்கு ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை.