சட்ட வகுப்பில் விரிவுரையிலிருந்து பங்கேற்புக் கற்றலுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிக்கடி நடப்பது, தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, பிறகு "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது. லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் (அலகாபாத் உயர் நீதிமன்றம், 1913) வழக்கைப் பாருங்கள். காணாமல் போன பையனைத் தேட முதலாளி தன் ஊழியரை அனுப்புகிறார். அவர் கிளம்பிய பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று அறிவிப்பு வருகிறது. அது தெரியாமலே ஊழியர் பையனைக் கண்டுபிடித்துவிடுகிறார். பரிசைக் கேட்டு வழக்குப் போட முடியுமா?

ஆசிரியர் இங்கே நிறுத்திவிட வேண்டும். ஆளுக்கு 3 நிமிடம்: முடியும் அல்லது முடியாது, அதற்கான பிரிவு, ஒரு வரிக் காரணம். எழுத்தில்தான், வாயால் கேட்டால் முந்திச் சொல்பவரின் விடையே எல்லோருடைய விடையாகிவிடும். அடுத்த 5 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு வாதம். அறிவிப்பே தெரியாதவர் அதை ஏற்றதாகாது என்று வழக்கு தள்ளுபடியானது என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் மாணவர் அதற்கு நியாயம் தேடுவாரே தவிர, தானே முடிவெடுத்துப் பழக மாட்டார்.

பிறகு உண்மைகளில் ஒன்றை மாற்றுங்கள். ஊழியர் அறிவிப்பைப் பார்த்த பிறகு பையனைக் கண்டுபிடித்திருந்தால்? "அவருக்குத் தெரியாது" என்ற வாதம் விழுந்துவிடும். ஆனால் தேடுவது ஏற்கெனவே அவர் கடமை. பரிசுக்கு மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது) எங்கே? முன்மொழிவு, ஏற்பு பற்றிய வகுப்பு இந்த ஒரே கேள்வியில் மறுபயனுக்குப் போய்விடும்.

இதற்காக விரிவுரையை அடியோடு ஒழிப்பது இன்னொரு தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 2, 8 ஆகிய பிரிவுகள் தெரியாதவர்கள் கூடி விவாதித்தால் மிஞ்சுவது "பாவம், கொடுத்திருக்கலாம்" என்ற அபிப்பிராயம்தான். 50 நிமிட வகுப்பில் முதல் 15 நிமிடம் தெளிவான விரிவுரைக்கே உரியது.

ஒரே மாணவரை எழுப்பி நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்பதைப் பங்கேற்பு என்று எண்ண வேண்டாம். 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரான லாங்டெல் கொண்டுவந்த, தீர்ப்புகளைக் கேள்வி கேட்டே படிக்கவைக்கும் வழக்குமுறைப் பயிற்சியின் பலவீனமும் இதுதான்: ஒருவர் யோசிக்க, மற்றவர்கள் "நல்லவேளை, நான் இல்லை" என்று உட்கார்ந்திருப்பார்கள். பத்துப் பேர் குழுவிலும் இதே கதை. மூன்று பேர் போதும்: வாதி, பிரதிவாதி, நீதிபதி.

மாதிரி நீதிமன்றத்தில் பேச்சாற்றலுக்கு மட்டும் மதிப்புக் கொடுப்பதும் கெடுதல். சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளே ஒவ்வொரு வாதத்துக்கும் எழுத்துரைக்கு 5, வாய்மொழிக்கு 5 என மதிப்பெண்ணைச் சமமாகப் பிரித்திருக்கின்றன. எழுத்துரையைத் திருத்தி, மறுபடி எழுதவைத்தால்தான் அந்த 5-க்குப் பொருள் உண்டு.

"சார் பாடமே நடத்தல" என்ற முணுமுணுப்பைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், பங்கேற்பு வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள்.

கடைசியாக, வினாத்தாள். வகுப்பை மாற்றிவிட்டுத் தேர்வில் "லால்மன் சுக்லா வழக்கு: சிறுகுறிப்பு வரைக" என்று கேட்டால் அடுத்த வாரமே கையில் கைடு இருக்கும். மாறாக, தொலைந்த நாய்க்கு வாட்ஸ்அப்பில் 5,000 ரூபாய் பரிசு அறிவித்த வீட்டுக்காரர், அதைப் பார்க்காமலே நாயைக் கொண்டுவந்த அடுக்ககக் காவலாளி என்று கேளுங்கள். பத்து மதிப்பெண்ணில் பிரச்சினையை இனம்காண 2, பிரிவுக்கு 2, உண்மைகளோடு பொருத்திக் காட்ட 5, முடிவுக்கு 1.