காய்ச்சல் விட்டாச்சு, ஓடலாமா? முதலில் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள்

மாரி மழையோடு டெங்கு வரும், அது ஓயமுன்னமே பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி வந்துவிடும். வன்னியில் தை, மாசி என்றால் இந்த இரண்டும் முட்டிக்கொண்டுதான் நிற்கும். காய்ச்சல் விட்ட கையோடு பிள்ளை ஸ்பைக்ஸைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வரும், பயிற்சி தரும் சேரும் "சரி, மெல்ல ஓடிப் பார்" என்பார், நேர்க்கோட்டில் ஒன்றும் தெரியாது, வளைவில் திரும்பும்போதுதான் கால் இடறும்.

உடம்பு விழாமல் நிற்க உட்காது, கண், கால் தசையும் மூட்டும் என்று மூன்று இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி போகவேண்டும். பெரும்பாலான வைரஸ் காய்ச்சலில் நடப்பது சாதாரண விஷயம்தான்: சாப்பாடு இறங்காமல், வியர்த்து, உடம்பில் நீர் குறைந்து, எழும்பியவுடன் இரத்த அழுத்தம் விழுந்து கண் இருட்டும். படுத்தே கிடந்ததில் தொடையும் சோர்ந்திருக்கும். சிலருக்கு மட்டும் உட்காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பே அழற்சியாகும். அப்போது வீடே சுற்றும், சத்தி வரும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார்கள். கடும் சுற்று சில நாளில் அடங்கினாலும், தலையை வெடுக்கென்று திருப்பினால் வரும் தள்ளாட்டம் வாரக்கணக்கில் இழுக்கும்.

டெங்கு என்றால் கதை வேறு. அதில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், அதற்கடுத்த 24 முதல் 48 மணி நேரம் தலைச்சுற்றை அசட்டை பண்ணக்கூடாது. மைதானத்துப் பழக்கத்தில் நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் போடவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் அளவோடு. இரத்தப் பரிசோதனை பார்த்து வைத்தியர் சொன்ன பிறகுதான் பயிற்சிப் பேச்சு.

அப்புறம் சோதனை. ஐந்து நிமிடம் படுத்திருந்து எழும்பி மூன்று நிமிடம் நில்லுங்கள், கண் இருட்டினால் அன்று ஓட்டம் இல்லை, ஜீவனி என்கிற உப்புக் கரைசலோ இளநீரோ குடித்துவிட்டுப் படுங்கள். இருட்டவில்லை என்றால் வெறுங்காலோடு, பக்கத்தில் ஆள் நிற்க, ஒற்றைக்காலில் கண்ணைத் திறந்து 20 விநாடி, பிறகு கண்ணை மூடி 20 விநாடி. கண்ணை மூடினால் நல்ல சுகத்தோடு இருப்பவரும் கொஞ்சம் ஆடுவார், அதனால் சீசன் தொடங்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்து கொப்பியில் எழுதி வைக்கும் சேர்தான் கெட்டிக்காரர். ஒப்பிட ஒரு கணக்கு இருக்கும்.

தள்ளாட்டம் மிஞ்சியிருந்தால் சும்மா படுத்திருப்பது உதவாது. சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடம் வலமாக ஒரு நிமிடம் திருப்புங்கள், நாளுக்கு மூன்று நாலு தடவை. கொஞ்சம் சுற்றும், சுற்றத்தான் வேணும், அப்படித்தான் மூளை பழகும். தலைச்சுற்றுக் குளிசையை முதல் சில நாளுக்கு மேல் இழுத்தால் அந்தப் பழக்கமே பிந்தும், வைத்தியரிடம் கேட்டு நிறுத்துங்கள். நடக்கத் தெம்பு வந்தால் வயல் வரம்பை விட நல்ல இடம் கிடையாது, காசும் இல்லை. ஆனால் குளக்கட்டு, கிணற்றடி, மோட்டார் சைக்கிள், நீச்சல் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

மைதானத்தில் முதலில் நடை, பிறகு நேர் ஓட்டம், பிறகு வளைவு. உயரம் பாய்தலும் கரப்பந்தில் எழும்பி அடிப்பதும் கடைசி, ஏனென்றால் தரையிறங்கும்போதுதான் முழங்கால் போகும். ஒரு படியில் தலை சுற்றினால் அடுத்த நாள் முந்தின படிக்கு இறங்குங்கள். நெஞ்சு நோவோ படபடப்போ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள், வைரஸ் இதயத் தசையையும் தொடும்.

பார்வை இரட்டையாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் இழுத்தால், எழும்பி நிற்கவே முடியாவிட்டால் இந்தப் பயிற்சி ஒன்றும் வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.