அசனத்துக்குக் காய் வெட்டும்போது ஒரு குறிப்பு

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, முந்தின ராத்திரி கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து காய் வெட்டுவோம். கத்தரிக்காய் குறையக் குறைய ஊர்ப்பேச்சு கூடும். யார் வீட்டில் சண்டை, யார் மகன் ஆராதனைக்கே வருவதில்லை என்று நீளும். ஜெபத்தோடு தொடங்கிய வேலைதான், ஆனாலும் நீளும்.

அப்போது நான் செய்வது இது. அங்கே இல்லாத ஒருவரின் பேர் வந்ததும், "அவங்களை நாம கடைசியா எப்போ போய்ப் பார்த்தோம்?" என்று மெதுவாகக் கேட்பேன். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்டால் அது வேறொரு சண்டையில் முடியும். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பேச்சு அங்கேயே திரும்பிவிடும்.

பைபிளில் யாக்கோபு நிருபம் 1ஆம் அதிகாரம் 26ஆம் வசனம், நாவை அடக்காதவனின் தேவபக்தி வீண் என்கிறது. அடுத்த வசனமே திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்கிறது. இரண்டையும் பிரித்துப் படித்துவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, மறுநாள் சோறும் குழம்பும் எடுத்து வைக்கும்போது அந்த வீட்டுக்கென்று ஒரு தூக்குவாளியைத் தனியாக வைத்துவிடுங்கள். முடிந்தால் பேச்சைத் தொடங்கியவரையே கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.