பொரிக்காத பாம்பு முட்டையைத் திறந்து பார்ப்பது எப்படி?

பத்து முட்டையில் ஏழு பொரிந்தால் ஏழு குட்டிகளையும் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டுவோம். மிச்சம் மூன்று குப்பைக்குப் போகும். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். ‘ஆண் பாம்பு சரியில்லை, கரு பிடிக்கவில்லை’ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூன்றாம் வருடமும் அதே கதை நடந்தபோதுதான் ஒரு முட்டையை வெட்டிப் பார்த்தேன். உள்ளே முதுகுப் புள்ளிகள்கூடத் தெளிவாக விழுந்த, முழுதாக வளர்ந்த குட்டி சுருண்டு கிடந்தது. பாவம், அந்த ஆணின் மேல் ஒரு தப்பும் இல்லை.

கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், பால் பைத்தான் மாதிரி முட்டையிடும் பாம்புகளை இப்போதுதான் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. பொறுமை வேண்டும், அதுவும் முதல் படியிலேயே.

1. முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

பார்க்க அசிங்கமாக இருக்கும் முட்டையெல்லாம் செத்த முட்டை இல்லை. கார்ன் ஸ்நேக் முட்டை 28 டிகிரி செல்சியஸ் சுமாரில் ஏறக்குறைய 60 நாளில் பொரியும். பால் பைத்தான் 31–32 டிகிரியில் 55 முதல் 60 நாள் எடுக்கும். கடைசி ஒன்றிரண்டு வாரத்தில் நல்ல முட்டையும் சொட்டையாகி உள்ளே அமுங்கும், அது இயல்புதான். பக்கத்து முட்டையிலிருந்து பூஞ்சை தொற்றிய முட்டைகூடப் பல நேரம் பொரித்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 52ஆம் நாள், பச்சைப் பூஞ்சை பிடித்து, கட்டைவிரல் வைத்து அழுத்தியது போலக் குழி விழுந்த முட்டை ஒன்றை ‘இது போய்விட்டது’ என்று வெட்டினேன். கத்தரி நுனி இறங்கியதும் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் கசிந்தது. ஈரத் துணியால் மூடி இன்குபேட்டரில் திரும்ப வைத்துப் பார்த்தேன், பிழைக்கவில்லை.

அதனால் இப்போது என் கணக்கு இதுதான்: அதே அடையில், அதாவது ஒரே தடவையில் இட்ட முட்டைகளில், முதல் குட்டி ஓட்டைக் கீறி மூக்கை நீட்டிய நாளிலிருந்து ஒரு வாரம் காத்திருப்பேன். அதற்கு முன்பே நாறி, கொழகொழவென்று ஒழுகும் முட்டைக்கு மட்டும் விதிவிலக்கு.

2. டார்ச் அடித்துப் பாருங்கள்

அறையை இருட்டாக்கிவிட்டு, சின்ன எல்.இ.டி. டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். முட்டையை உருட்டக் கூடாது. பாம்பின் கரு முட்டையின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு வளரும். கோழி முட்டையைத் திருப்பி வைப்பது போல இதைத் திருப்பினால் நன்றாக இருக்கும் கருவும் செத்துப்போகலாம். இட்ட நாளிலேயே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு எண் போட்டுவிடுங்கள். எது மேல் என்ற குழப்பமும் வராது, அந்த எண்ணுக்கு வேறு உபயோகமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

வெளிச்சத்தில் இளஞ்சிவப்பும், மரக்கிளை போலப் பிரியும் நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. முழுவதும் ஒரே மஞ்சளாக ஒளிர்ந்தால் உள்ளே கரு இல்லை, அல்லது ரொம்ப ஆரம்பத்திலேயே போய்விட்டது. முன்பு தெளிவாக இருந்த நரம்புகள் கலங்கிப் பழுப்பாகியிருந்தால் இடையில் செத்திருக்கிறது.

இட்டபோதே சின்னதாக, மஞ்சளாக, மெழுகு உருண்டை மாதிரி இருப்பதை ‘ஸ்லக்’ என்பார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் கூமுட்டை. அதை வெட்டிப் பார்த்துப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

3. மேசையைத் தயார் செய்யுங்கள்

கையுறை, முகக்கவசம், நுனி மழுங்கிய சின்னக் கத்தரி, இடுக்கி, வெள்ளைத் தட்டு, அளவுகோல், போன் கேமரா. சமையலறையில் மட்டும் வேண்டாம். ஊர்வனவற்றிடம் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும், அழுகிய முட்டையில் கேட்கவே வேண்டாம். அன்றைக்கே வெட்ட நேரமில்லை என்றால் மூடிய டப்பாவில் போட்டு, சாப்பாடு வைக்காத ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் திசுக்கள் சிதைந்துவிடும், பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

4. ஜன்னல் வெட்டுங்கள்

பென்சில் எண் இருக்கும் மேல்பக்கத்தில், இடுக்கியால் ஓட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். பாம்பு முட்டை ஓடு தோல் மாதிரி இருக்கும், உடையாது, கத்தரிக்கு நன்றாக வழிவிடும். கத்தரியை ஓட்டோடு ஒட்டிப் படுக்க வைத்தே நகர்த்துங்கள். சிவப்பு ரத்தமோ அசைவோ தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, ஈரத் துணியை மேலே போட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வெட்டைச் சுற்றிக் கொண்டுபோய் மூடி போலத் திறக்கலாம். எதையும் கலைப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள்.

5. உள்ளே இருப்பதைப் படியுங்கள்

வெறும் மஞ்சள் கரு கட்டியாகவோ தயிர் மாதிரி திரிந்தோ இருந்தால், கரு பிடிக்கவில்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஆரம்பத்தில் செத்த கரு கரைந்துவிடும், வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஓட்டின் உள்பக்கம் ரத்தக் கறையோ, மெல்லிய சிவப்பு வளையமோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கரு உருவாகி நின்றுபோயிருக்கிறது. முட்டைகளை எடுக்கத் தாமதமானதா, எடுக்கும்போது புரண்டதா என்று யோசியுங்கள்.

வெளிறிய சின்னச் சுருளும், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கறுப்புக் கண்களும் இருந்தால் நடுக்கட்டத்துக்கு முன்பே போன கரு. கொஞ்சம் வளர்ந்த கருவின் வால் தொடங்கும் இடத்தில் இரண்டு குட்டி மொட்டுகள் துருத்திக்கொண்டிருக்கலாம். கால் முளைத்திருக்கிறது என்று பதற வேண்டாம், ஆண் கருவின் இனப்பெருக்க உறுப்பு அப்படித்தான் வெளியே நிற்கும், பொரிக்கும் நாள் நெருங்கும்போது உள்ளே போய்விடும்.

செதிலும் நிறமும் பிற்பகுதியில்தான் வரும். அவை இருந்தால் தொப்புளைப் பாருங்கள். மஞ்சள் கருப் பை பெரிதாக வெளியே தொங்கினால் பொரிக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போதே செத்திருக்கிறது. பை வயிற்றுக்குள் போய், வயிறு உப்பி, மேல் உதட்டின் முனையில் முட்டைப் பல் தடவினால் தட்டுப்படுகிறது என்றால், அந்தக் குட்டி தயாராக இருந்தும் வெளியே வர முடியாமல் போயிருக்கிறது. இப்படிக் கடைசிக்கட்டத்தில் போனவற்றில் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டையும் காற்றோட்டத்தையும்தான். முதுகெலும்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கோணல்மாணலாக இருந்தால் சூடு அதிகமானது ஒரு காரணமாக இருக்கலாம், பரம்பரைக் குறையாகவும் இருக்கலாம். ஓடு ஊதிப்போய், உள்ளே நிறைய நீர் இருந்தால், முட்டைகளை வைக்க ஈரமாக்கிப் பெட்டியில் போடும் வெர்மிகுலைட் துகளில் தண்ணீர் கூடிவிட்டதா பாருங்கள்.

நிறத்துக்காக ஜோடி சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயும் தகப்பனும் ஒரே மரபணுவைக் கொடுத்தால் குட்டி பிழைக்காத சேர்க்கைகள் உண்டு, அப்போது சராசரியாக நாலில் ஒரு முட்டை போகும். ஆனால் ஆறு முட்டை உள்ள ஒரே அடையை வைத்து மரபணுவைக் குற்றம் சொல்லக் கூடாது. அதே ஜோடி இன்னும் ஓரிரு தடவை முட்டையிடட்டும்.

6. எழுதி வையுங்கள்

முட்டை எண், இட்ட தேதி, வெட்டிய தேதி, உள்ளே பார்த்தது, குட்டியின் நீளம், பெட்டியில் அது இருந்த இடம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, தட்டையும் கத்தரியையும் பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அந்தப் பென்சில் எண்ணின் உபயோகம் எனக்குப் புரிந்தது நாலாம் வருடம். பொரிக்காதவை 3, 4, 7. மூன்றிலும் நிறம் வந்த குட்டி, மூன்றும் பெட்டியின் ஒரே மூலையில் இருந்தவை. இன்குபேட்டரின் நடுவில் தொங்கிய தெர்மாமீட்டர் 28.5 காட்டியது. இன்னொன்றை அந்த மூலையில் வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அது காட்டியது 33.