டிசைன் ஃபிலாசஃபி எழுதுறது எப்பிடி: இன்டீரியர் டிசைன் முடிக்கப் போற எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கு

திருகோணமலையில இருந்து கொழும்புக்குப் போய் இன்டீரியர் டிசைன் படிக்கிற தம்பி தங்கச்சிமார் கடைசி செமஸ்டர் வந்தவுடன தடுமாறுறது ஒரு இடத்திலதான், செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டுற போர்ட்ஃபோலியோட முதல் பக்கத்தில டிசைன் ஃபிலாசஃபி, அதாவது என்ன கொள்கையில டிசைன் பண்ணுறீங்க எண்டு ஒரு பந்தி கேக்கிறாங்க, அதில என்னத்த எழுதுறது எண்டு. கனபேர் எழுதிக் கொண்டு வாறது "நவீனமும் பாரம்பரியமும் கலந்த, இயற்கையோட இணைஞ்ச, மனிதருக்கான இடங்களை உருவாக்குவன்" எண்ட மாதிரித்தான் இருக்கும். இதை வகுப்பில ஆர்ட போர்ட்ஃபோலியோவில ஒட்டினாலும் பொருந்தும். அப்ப அது உங்கட இல்லத்தானே.

எழுதினது சரியா எண்டு பாக்க ஒரு வழி இருக்கு. அந்தப் பந்தி எதையாவது வேண்டாமெண்டு சொல்லுதா? ஒண்டையும் மறுக்காத கொள்கையால ஒரு சுவர எங்க வைக்கிறதெண்டுகூட முடிவெடுக்க ஏலாது.

முதல் வேலை, புதுசா ஒண்டும் யோசிக்காதீங்க. முதலாம் வருஷத்தில இருந்து செய்த ப்ராஜெக்ட் எல்லாத்தையும், கிறுக்கின ஸ்கெட்ச், உடைஞ்ச மாடல் ஃபோட்டோ உட்பட, நிலத்தில பரப்பி வைங்க. ஒவ்வொண்டையும் பாத்து எழுதுங்க: லெக்சரர் கேக்காமலே நான் செய்தது என்ன, மாத்தச் சொல்லியும் மாத்தாமப் பிடிவாதமா வெச்சிருந்தது என்ன, எதை வரையக்குள்ள மனசே ஒட்டல்ல. ஒரு பிள்ளை கஃபே செய்தாலும் கிளினிக் செய்தாலும் வாசலுக்கும் உள்ளுக்கும் இடையில ஆக்கள் கொஞ்சம் நிண்டு கதைக்க ஒரு இடம் விட்டுக்கொண்டே வந்திருக்கும், அதுக்கே அது தெரிஞ்சிருக்காது. ரெண்டு மூண்டு ப்ராஜெக்டில ஒரே பதில் வந்தா அதைப் பிடிச்சுக் கொள்ளுங்க, உங்கட ஃபிலாசஃபி அங்கதான் இருக்கு.

அடுத்தது லீவுக்கு ஊருக்கு வரக்குள்ள செய்ய வேண்டியது, இதைத் தயவுசெய்து தவற விடாதீங்க. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில பின்னேரம் ரெண்டு மணிக்கு உங்கட வீட்டில டேப்பும் கொப்பியுமா இருந்து பாருங்க. எந்த யன்னல் திறந்திருக்கு, எதை வெக்கைக்குப் பூட்டி வெச்சிருக்காங்க, அம்மம்மா எந்த மூலையில பாயைப் போடுறா, வந்த ஆக்கள் செருப்ப எங்க கழட்டுறாங்க, எந்த அறை பேருக்கு பெட்ரூமா இருந்து சாமான் அறையா மாறிக் கிடக்கு. மார்கழி மழைக்கு வந்தா திரும்பப் பாருங்க, வடகிழக்கில இருந்து சாரல் அடிக்கக்குள்ள அதே விறாந்தை வேற மாதிரி ஆகியிருக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கனக்க வீடுகளில முன்னுக்கு வாற ஆம்பிள விருந்தாளிகளுக்கு ஒரு இடமும் வீட்டுப் பொம்பிளைகள் தடையில்லாம நடமாட உள்ளுக்கு வேற இடமும் இருக்கும், டவுன் பக்கம் சாமி அறை இருக்கிற வீட்டில எதுவரைக்கும் ஆர் வரலாமெண்டு வேற ஒரு ஒழுங்கு. ஓப்பன் ப்ளான் எண்டு சுவரையெல்லாம் எடுக்க முதல் இதெல்லாம் எங்க போகுமெண்டு யோசிக்கிற பிள்ளைதான் நல்ல டிசைனர். சுவரில குத்துவிளக்குப் படம் ஒட்டிட்டு ஊர்த்தன்மை எண்டு எழுதினா அது காணாது.

பொருளும் இதுக்குள்ளதான் வருது. உப்புவெளி, நிலாவெளிக் கரையில கெஸ்ட் ஹவுஸ் செய்யிறீங்க, "நீண்டகாலம் நிலைக்கிற டிசைன்" எண்டு எழுதியிருக்கிறீங்க எண்டா பிணைச்சல் என்ன இரும்பு எண்டு கட்டாயம் கேப்பாங்க. 304 எண்ட வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடல் காத்துக்குக் கறை பிடிக்கும், 316 எண்ட வகையில ரெண்டு மூண்டு வீதம் மொலிப்டினம் இருக்கிறதால அதை விட நல்லாத் தாங்கும், விலை கூட.

எங்கட நாட்டு ஆக்கள் என்ன செய்தாங்க எண்டும் பாருங்க. ஜெஃப்ரி பாவா முதல்ல சட்டத்தரணி, ஆர்க்கிடெக்டா தகுதி பெற்றது 1957 இல, 38 வயசில. அவர்ட கொழும்பு வீடு நம்பர் 11, நாலு சின்ன வரிசை வீடுகளை ஒவ்வொண்டா வாங்கிச் சேத்து, குட்டிக் குட்டி முற்றங்களால வெளிச்சமும் காத்தும் எடுத்தது. கண்டலம ஹோட்டலுக்கு முதல்ல சிகிரியாவுக்குக் கிட்ட இடம் பாத்திருந்தாங்க, அதை வேண்டாமெண்டு தம்புள்ளைப் பக்கத்தில குளத்தப் பாத்த ஒரு பாறைச் சரிவைத் தெரிவு செய்தவர். வேண்டாமெண்டு சொல்ற கொள்கை எண்டு மேல சொன்னது இதைத்தான். இன்னொரு ஆர்க்கிடெக்ட் மினெட் டி சில்வா 1951 இல கண்டியில கட்டின கருணாரத்ன வீட்டில உள்ளூர்க் கைவினைக்காரர்ட வேலையைப் புதுக் கட்டடத்தோட சேத்தவ, இவவைப் பற்றி வகுப்பில குறைவாத்தான் சொல்லுவாங்க, நீங்க தேடிப் படிங்க.

ஒரு விஷயம், பெரிய ஆக்கள்ட வசனத்தைக் கடன் வாங்காதீங்க. வடிவம் பயன்பாட்டைப் பின்தொடரும் எண்டு அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயிஸ் சல்லிவன் 1896 இல எழுதினது அமெரிக்காவின்ர உயரமான ஆபீஸ் கட்டடங்களைப் பற்றி, அவர்ட கட்டடங்களிலயே அலங்காரம் நிறைய இருக்கு. அதை முதல் வரியாப் போட்டுட்டு, அப்ப அந்த அலங்காரம் ஏன் எண்டு கேட்டா பதில் இல்லாம நிக்க வேண்டி வரும்.

இனி எழுதுங்க. ஆருக்கு, அவங்கட எந்தக் கஷ்டத்துக்கு, நான் முதல்ல என்ன செய்வன், எதைச் செய்யமாட்டன், இவ்வளவும் வந்தாக் காணும். இப்பிடி வெச்சுக் கொள்ளுங்க: "வெக்கை கூடின ஊரில சின்னக் காணியில சேந்து வாழுற குடும்பங்களுக்கு டிசைன் பண்ணுறன். ஏசிக்கு இடம் பாக்க முதல் நிழலையும் குறுக்குக் காத்தையும் தீர்மானிப்பன். ஒரு அறையால ரெண்டு வேலை செய்ய ஏலுமெண்டா இன்னொரு அறை கட்டமாட்டன்." இதை அப்பிடியே கொப்பி பண்ண வேண்டாம். முதல்ல தமிழில, வாயில வாற மாதிரி எழுதிட்டு அதுக்குப் பிறகு இங்கிலீஷுக்குப் போங்க. எழுதி முடிஞ்சதும் ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலயும் எந்த ட்ரோயிங் இதைக் காட்டுது எண்டு பக்க நம்பர் போடுங்க. நம்பர் இல்லாத வசனத்தை வெட்டுங்க, இல்லாட்டி அதுக்கு வரைங்க.

போர்ட்ஃபோலியோவுக்கு நாலஞ்சு ப்ராஜெக்ட் போதும், ஃபிலாசஃபிய நல்லாக் காட்டுறது முன்னுக்கு. கம்ப்யூட்டரில செய்த ரெண்டர் படம் மட்டும் அடுக்காம, ரெண்டு துண்டு சேருற ஒரு மூட்டு (ஜொயின்ட்) எண்டாலும் 1:5 அளவுத்திட்டத்தில வரைஞ்சு காட்டுங்க, எப்பிடிச் செய்யிறதெண்டு தெரிஞ்ச பிள்ளை எண்டு அதிலதான் தெரியும். மெட்டீரியல் போர்டுக்கு உண்மையான துண்டுகளை ஒட்டி, பகல் வெளிச்சத்திலயும் மஞ்சள் எல்இடி கீழயும் வெச்சுப் பாருங்க, நிறம் நல்லா மாறும்.

வைவா எண்ட வாய்மொழிப் பரீட்சைக்கு முதல் தெரிஞ்ச ஓடாவி (தச்சு வேலை செய்யிறவர்) ஒருத்தருக்கு ப்ளான விரிச்சு விளங்கப்படுத்துங்க, அவர் கேக்கிற கேள்விதான் பரீட்சை எடுக்கிற பனலும் கேக்கும், இது எதில நிக்குது, ஏன் இந்தப் பக்கம் திறக்குது, இந்த ஃபால்ஸ் சீலிங் என்னத்துக்கு எண்டு. அதே பதிலை இங்கிலீஷில சத்தமாச் சொல்லிப் பழகுங்க. எழுதினதும் வரைஞ்சதும் பொருந்தல்ல எண்டு பனலில சொன்னா எந்த ட்ரோயிங் எண்டு கேட்டுக் குறிச்சுக் கொள்ளுங்க, எக்ஸிபிஷனுக்கு முதல் வசனத்தை மாத்துறதா ட்ரோயிங்கை மாத்துறதா எண்டு முடிவெடுக்கலாம். பந்திக்குக் கீழ மாதமும் வருஷமும் போட்டு வைங்க, வேலைக்கு அனுப்பக்குள்ள அந்த ஒஃபிஸ் செய்யிற வேலையையும் பாத்துத் திரும்ப ஒருக்கா எழுத வேண்டி வரும்.