‘நைஸ்’ என்றால் நல்லது மட்டும்தானா?

பழைய ஆங்கிலப் புத்தகம் படிக்கும்போது ‘நைஸ்’ என்று ஒரு சொல் வந்தால் உடனே ‘நல்ல’ என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த வரி எந்தக் காலத்தில் எழுதியது என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் இந்தச் சொல் பிறந்ததே ஒரு வசவாகத்தான். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் தெரியாதவன். ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். சயின்ஸ் என்கிறோமே, அதுவும் இந்த ‘ஸ்கிரே’ வழியில் வந்ததுதான், ஆக இரண்டும் பங்காளிகள்! பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பொருள் மாறவில்லை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்து எழுத்தில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் பெரும்பாலும் அசடு என்று திட்டுகிறார்கள்.

அப்புறம் அது எதிலும் நொட்டை சொல்பவரைக் குறித்தது, அங்கிருந்து நுணுக்கத்துக்கு நகர்ந்தது. இந்தப் பொருள் இன்றும் சாகவில்லை. பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள்: ‘நைஸ் டிஸ்டிங்க்ஷன்’ என்றால் நல்ல வேறுபாடு இல்லை, மயிரிழை வேறுபாடு.

இது பிடிபடவில்லை என்றால் கிரைண்டர் பக்கம் போய் நில்லுங்கள். உளுந்தை நைஸாக அரை, அரிசியைக் கொஞ்சம் நறநறவென்று விடு என்கிறோம். மாவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்கும்போது நாம் தேடுவது நல்ல மாவையா, நுணுங்கிய மாவையா? இந்த ‘நைஸ்’ அந்தப் பழைய நுணுக்கத்துக்குத்தான் பக்கம். கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுவது தனிக் கதை.

இனிமை என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. பரவிய வேகத்தில் எதற்கெடுத்தாலும் நைஸ் என்று சொல்ல ஆரம்பிக்க, ஜேன் ஆஸ்டின் தன் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பாத்திரத்தை வைத்து இதைக் கிண்டலே செய்துவிட்டார்: ஒரு பெண் ‘நைஸான புத்தகம்’ என்கிறாள், நேர்த்தியைத்தானே சொல்கிறாய், அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான் அந்த ஆள்! நம் ‘நாற்றம்’ இதற்கு நேர் எதிர்த் திசை, ஒரு காலத்தில் நறுமணமாக இருந்து இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது.

இந்தக் கால எழுத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டையில் காபி கொட்டியவரிடம் ‘ஓ, நைஸ்!’ என்று ஒருவர் சொன்னால், அதை எந்த அகராதியிலும் தேட வேண்டாம், சட்டையைப் பாருங்கள்.