புதிய பயிற்சியாளரின் முதல் சீசன்: சிகாகோ பேர்ஸைக் கணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்.எஃப்.எல். என்னும் அமெரிக்கக் கால்பந்து லீகில் எந்த அணி எத்தனை ஆட்டங்களை வெல்லும் என்று சீசனுக்கு முன்பே எழுதி வைப்பது, நண்பர்களான எங்களுக்குள் ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் நடக்கும் வழக்கம். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் இதைச் செய்து வருகிறேன். 2025 சீசனுக்காக, புதிதாகச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் சிகாகோ பேர்ஸ் அணியைப் பற்றி எழுதியவற்றைப் படித்தபோது, ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளை அவர்களும் அப்படியே செய்திருப்பதைக் கண்டேன். 2024இல் 5 ஆட்டங்களில் வென்று 12 ஆட்டங்களில் தோற்ற அந்த அணி, டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக, அதாவது தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான துணைப் பயிற்சியாளராக, இருந்த பென் ஜான்சனை 2025 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அவர் வந்துவிட்டார், இனி எல்லாம் மாறிவிடும் என்பதே நான்கு கணிப்புகளின் சாரமும். காயம்பட்டவர்கள் யார் என்று பார்க்காமல் எழுதுவது போன்ற வெளிப்படையான பிழைகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

வெற்றி தோல்வி எண்ணிக்கையோடு நின்றுவிடுவது

5-12 என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2024இல் பேர்ஸ் முதல் ஆறு ஆட்டங்களில் நான்கை வென்றிருந்தது. அக்டோபர் 27 அன்று வாஷிங்டனில், கடைசி விநாடியில் தொலைவிலிருந்து வீசப்பட்ட ஒரு பந்து 18-15 என்று ஆட்டத்தைப் பறித்துக்கொண்டது. அதிலிருந்து தொடர்ந்து பத்துத் தோல்விகள். நவம்பர் 17 முதல் 28 வரையிலான 12 நாள்களில் மட்டும் கிரீன் பே பேக்கர்ஸிடம் ஒரு புள்ளியிலும், மினசோட்டா வைக்கிங்ஸிடம் மூன்று புள்ளிகளிலும், டெட்ராய்ட்டிடம் மூன்று புள்ளிகளிலும் தோற்றது. இவ்வளவு குறுகிய வித்தியாசத்தில் தோற்ற அணியும், ஆட்டத்துக்கு ஆட்டம் இருபது புள்ளிகளில் தோற்ற அணியும் ஒன்றல்ல.

கோஆர்டினேட்டராகச் சாதித்ததைத் தலைமைப் பயிற்சியாளருக்குரிய தகுதியாக எண்ணுவது

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் இதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

2022 ஆகஸ்டில் டென்வர் பிராங்கோஸ் அணிக்கு 12 வெற்றிகள் என்று என் நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில், ‘ஹாக்கெட், கிரீன் பே, ராட்ஜர்ஸுக்கு இரண்டு எம்.வி.பி.’ என்று ஒரே வரிதான் உள்ளது. டென்வரின் புதிய தலைமைப் பயிற்சியாளர் நதேனியல் ஹாக்கெட் அதற்கு முன் கிரீன் பேயில் கோஆர்டினேட்டராக இருந்த காலத்தில் ஆரோன் ராட்ஜர்ஸ் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார் என்பது உண்மை. ஆனால் அங்கே ஆட்டத்தின்போது ஒவ்வொரு பிளேயையும், அதாவது அடுத்து ஆட வேண்டிய நகர்வையும், தேர்ந்து சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் மேட் லாஃப்ளூர், ஹாக்கெட் அல்லர். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்திருக்கும். நான் தேடவில்லை. என் சொல்லை நம்பிய நண்பர் ஒருவர், டிசம்பர் மாத ஆட்டம் ஒன்றுக்கு ஆகஸ்டிலேயே குடும்பத்துக்காக நான்கு டிக்கெட்டுகளை முழு விலைக்கு வாங்கினார். டிசம்பர் வந்தபோது அணி தரைதட்டியிருந்தது. அதே வரிசை டிக்கெட்டுகள் பாதி விலைக்குக் கூட விற்காமல் கிடந்தன.

அந்த ஆண்டு செப்டம்பர் 12 இரவு, சியாட்டிலில் நடந்த முதல் ஆட்டத்தின் கடைசி ஒரு நிமிடத்தைப் புதியவர்கள் ஒருமுறை முழுமையாகப் பார்க்க வேண்டும். டென்வர் 16-17 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. நான்காவது டவுன், அதாவது பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி; இன்னும் ஐந்து கெஜம் வேண்டும். கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட்டுகள் மூன்று கையில் இருக்கின்றன. புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளான இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், மூன்று வீரர்கள் ஆகியோரோடு இன்னொரு தேர்வையும் கொடுத்து வாங்கிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சன் களத்தில் நிற்கிறார். கடிகாரம் ஓடுகிறது. ஐம்பது, நாற்பது, முப்பது. இருபது விநாடிகள் இருக்கும்போதுதான் ஹாக்கெட் டைம்அவுட் கேட்கிறார். பிறகு வில்சனை வெளியே அழைத்து, 64 கெஜத் தொலைவிலிருந்து ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று புள்ளி தரும் பந்து, உதைக்கச் சொல்கிறார். அன்றைய தேதியில் லீகின் சாதனையே 66 கெஜம்தான். பந்து இடப்புறம் விலகிப் போனது. ஐந்து கெஜத்துக்கு முயன்றிருக்க வேண்டும் என்று மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார்.

கிரிக்கெட்டில் களத்தில் முடிவெடுப்பவர் கேப்டன். இந்த ஆட்டத்திலோ டைம்அவுட், நான்காவது டவுனில் உதைப்பதா முயல்வதா என்பது, நடுவரின் முடிவை எதிர்த்து முறையிடுவது ஆகிய எல்லாமே தலைமைப் பயிற்சியாளரின் கையில் இருக்கின்றன. கோஆர்டினேட்டராக இருக்கும் காலத்தில் ஒருவர் இவற்றில் ஒன்றைக்கூடத் தம் பொறுப்பில் செய்திருக்கமாட்டார். அந்தக் குறையை ஈடுகட்ட அனுபவசாலிகள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹாக்கெட் நியமித்த மூன்று கோஆர்டினேட்டர்களும் அந்தப் பதவிக்குப் புதியவர்கள். இரண்டாவது ஆட்டத்தில் சொந்த ஊர் ரசிகர்களே, நேரம் தீர்வதை நினைவூட்ட விநாடிகளை உரக்க எண்ணினார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்றிருந்த ஜெர்ரி ராஸ்பர்க் என்ற மூத்த பயிற்சியாளரை, ஆட்ட நேரத்தில் ஆலோசனை சொல்வதற்காக அழைத்து வந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று 51-14 என்று தோற்ற மறுநாள், நான்கு வெற்றி பதினொரு தோல்வியோடு ஹாக்கெட் நீக்கப்பட்டார்.

இப்போது ஜான்சனுக்கு வருவோம். 2024இல் 564 புள்ளிகள் குவித்து லீகிலேயே முதலிடத்தில் இருந்த லயன்ஸ் அணிக்குப் பிளேக்களைத் தேர்ந்து சொன்னவர் அவரேதான்; அந்த வகையில் அவர் ஹாக்கெட் அல்லர். ஆனால் அந்த அணி நான்காவது டவுனில் காட்டிய புகழ்பெற்ற துணிச்சல் தலைமைப் பயிற்சியாளர் டான் கேம்ப்பெல்லுடையது. அதையும் ஜான்சன் கணக்கில் வரவு வைப்பதுதான் நான்கு இளைஞர்களும் செய்த பிழை. சிகாகோ இந்த விஷயத்தில் ஏற்கெனவே அடிபட்ட ஊர். 2024இல் நன்றி தெரிவிக்கும் நாளன்று டெட்ராய்ட்டில், மூன்று புள்ளிகள் பின்தங்கிய நிலையில், 36 விநாடிகள் இருக்கும்போது குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் பந்தோடு வீழ்த்தப்பட்டார். ஒரு டைம்அவுட் கையில் இருந்தும் அதை எடுக்காமலேயே நேரம் கரைந்தது. மறுநாள் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். அவரும் கோஆர்டினேட்டராக இருந்து வந்தவர்தான்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது, புதியவர் தமக்குப் பக்கத்தில் யாரை அமர்த்தியிருக்கிறார் என்பதை. 2017இல் ராம்ஸ் அணிக்கு வந்த ஷான் மெக்வே, பல அணிகளுக்குத் தலைமை தாங்கிய வேட் ஃபிலிப்ஸிடம் டிஃபென்ஸை ஒப்படைத்தார். 4-12 என்றிருந்த அணி அந்த ஆண்டே 11-5 ஆனது. ஜான்சன், ரெய்டர்ஸ், செயின்ட்ஸ் ஆகிய அணிகளின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் ஆலனைக் கொண்டுவந்திருக்கிறார். இந்த நியமனத்தை ஒரு கணிப்பில்கூட நான் காணவில்லை.

68 என்ற எண்ணின் பழியை ஒரே இடத்தில் போடுவது

வில்லியம்ஸ் 2024இல் 68 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார்; லீகில் வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. பேர்ஸ் நிர்வாகம் ஜோ தூனி, ட்ரூ டால்மன், ஜோனா ஜாக்சன் ஆகிய மூவரையும் கொண்டுவந்து, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் நடுப்பகுதியை முழுவதுமாக மாற்றிவிட்டது. அது நல்ல வேலை. ஆயினும் அந்த 68இல் ஒரு பகுதி, எறிய வேண்டிய நேரத்தில் எறியாமல் அவர் பந்தை வைத்துக்கொண்டிருந்ததால் வந்தது. ஆளை மாற்றினால் இது மாறாது. பழக்கம் மாற வேண்டும்.

ஆகஸ்டு மாத ஆட்டங்களை நம்புவது

2008இல் லயன்ஸ், சீசனுக்கு முன்பு நடக்கும், கணக்கில் சேராத நான்கு பயிற்சி ஆட்டங்களையும் வென்றது. பிறகு சீசனின் பதினாறிலும் தோற்றது.

முதல் நாள் பேட்டியைச் சான்றாகக் காட்டுவது

கூடாது.

போட்டி அட்டவணையைப் பார்க்க மறப்பது

பேர்ஸ் இருக்கும் அதே பிரிவில் உள்ள லயன்ஸ் 15, வைக்கிங்ஸ் 14, பேக்கர்ஸ் 11 என்று 2024இல் வென்றன. மூன்றும் பிளேஆஃபுக்குப் போயின. 17 ஆட்டங்களில் ஆறு இவர்களோடுதான். 2025 செப்டம்பர் 8 திங்கள் இரவு சொந்த மைதானமான சோல்ஜர் ஃபீல்டில் வைக்கிங்ஸோடு முதல் ஆட்டம், அடுத்தது டெட்ராய்ட்டில். பேர்ஸ் உண்மையிலேயே தேறியிருந்தாலும், இரண்டு வாரங்கள் கழித்துப் பட்டியலில் அது தெரியாமல் போக நிறைய வாய்ப்பு இருந்தது.

முதல் மாதத்திலேயே தீர்ப்பு எழுதுவது

ஜான்சன் கோஆர்டினேட்டராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு 2022. அந்த ஆண்டு லயன்ஸ் முதல் ஏழு ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றது. அடுத்த பத்தில் எட்டை வென்றது.